கேம் ஐடி பறிபோனால் பாஸ்வேர்டை மாற்றுவது ஏன் முதல் வேலை அல்ல

கேம் அக்கவுண்ட் ஹேக் ஆனதும் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பதறியடித்துக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றுவார்கள், மாற்றிவிட்டு அப்பாடா என்று படுக்கப் போவார்கள். காலையில் பார்த்தால் ஸ்கின் (கேமுக்குள் ஆயுதத்துக்கும் ஆளுக்கும் போடும் அலங்காரத் தோற்றம்) எல்லாம் காலி, மெயில் முகவரி வேறு யாருடையதோ, நண்பர் பட்டியலில் இருக்கிற அத்தனை பேருக்கும் இவர் பெயரிலேயே ஏதோ ஒரு லிங்க் போயிருக்கும். பாஸ்வேர்டைத்தான் மாற்றிவிட்டோமே, அப்புறம் எப்படி உள்ளே வந்தான் என்று கேட்பார்கள். அவன் வெளியே போகவே இல்லை.

அக்கவுண்ட் என்றால் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு என்றுதான் நாம் மனதில் வைத்திருக்கிறோம். ஆனால் அதோடு ஒரு மெயில் ஐடி ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு போன் நம்பர் இருக்கிறது, ஏற்கெனவே லாகின் ஆகி நிற்கிற லேப்டாப், போன், கன்சோல் இருக்கின்றன, 'இதை வைத்து உள்ளே வா' என்று இணைத்துவிட்ட கூகுள், டிஸ்கார்ட் (விளையாடுகிறவர்கள் அரட்டையடிக்கும் செயலி), எக்ஸ்பாக்ஸ் கணக்குகள் இருக்கின்றன, கேம் பொருட்களை மாற்றிக்கொள்ளும் ஒரு டிரேடிங் தளத்துக்கு என்றைக்கோ கொடுத்த அனுமதி இருக்கிறது, கடைசியாக, கேம் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்து பாவப்பட்டு ரீசெட் செய்து கொடுக்கிற ஊழியர் ஒருவரும் இருக்கிறார். இதில் எந்த வழியாக வந்தான் என்று பார்க்காமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுவது, முன்வாசல் பூட்டை மாற்றிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தே வைத்த கதைதான்.

ஒரு கேம் ஐடிக்காகவா இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2015 டிசம்பரில், கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் வெளிப்படையாகவே ஒரு கணக்கைச் சொன்னது: மாதத்துக்குச் சுமார் 77,000 அக்கவுண்ட்கள் பறிக்கப்பட்டுச் சூறையாடப்படுகின்றன. ஏமாறுகிறவர்கள் விவரம் தெரியாத புதியவர்கள் அல்ல, தொழில்முறையாக விளையாடுகிறவர்களும் நாள்முழுக்க டிரேடிங் செய்கிறவர்களும்கூட இதில் அடக்கம் என்றும் அதே அறிக்கையில் எழுதினார்கள். ஐடி திருட்டு ஸ்டீம் தொடங்கிய காலத்திலிருந்தே உண்டு, ஆனால் பொருட்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் டிரேடிங் வசதி வந்த பிறகு அது 20 மடங்கு ஆகிவிட்டது என்றார்கள். முக்கியமான விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். கத்தி ஸ்கின்னோ துப்பாக்கி ஸ்கின்னோ காசாக மாறக்கூடியது என்று ஆன நாளிலிருந்து, ஐடி திருடுவது பொழுதுபோகாத பையன்களின் விளையாட்டு என்ற நிலை மாறி, முழுநேரத் தொழிலாகிவிட்டது.

ஸ்கின் இல்லாத அக்கவுண்டுக்கும் விலை உண்டு. நல்ல ரேங்க் உள்ள பழைய ஐடியை அப்படியே முழுசாக விற்கலாம். அதில் சேமித்து வைத்த கார்டு இருந்தால் கேம் காசு வாங்கி வேறு ஐடிக்குத் தள்ளலாம். எதுவுமே இல்லாவிட்டாலும், சீட் (ஏமாற்று மென்பொருள்) போட்டு விளையாட ஒரு சுத்தமான ஐடி கிடைத்த மாதிரி. தடை வந்தால் உங்கள் பெயரில்தானே வரும். நண்பர் பட்டியல் தனிச் சொத்து. முகம் தெரியாதவன் அனுப்பும் லிங்கைத் தொடாதவர்கள்கூட, மூன்று வருஷமாகக் கூட விளையாடுகிற ஆள் அனுப்பினால் தொட்டுவிடுவார்கள். ஒரு குழுவில் ஒருவர் ஐடி போனால் அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு மூன்று பேருடையது சேர்ந்து போவது இதனால்தான்.

சரி, எப்படித்தான் எடுக்கிறார்கள்? படங்களில் காட்டுகிற மாதிரி கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓட, யாரும் உங்கள் பாஸ்வேர்டை உட்கார்ந்து உடைப்பதில்லை. ரொம்பச் சுலபமான வழி, எங்கேயோ ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டை இங்கே போட்டுப் பார்ப்பது. 2009-ல் ராக்யூ என்ற கம்பெனியிலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் வெளியே வந்தன. சமூக வலைத்தளங்களுக்குக் குட்டிக் குட்டி செயலிகள் செய்து கொடுத்த கம்பெனி அது, பாஸ்வேர்டுகளை எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுத்தாகச் சேமித்து வைத்திருந்தார்கள். 2019-ல் ஜிங்கா நிறுவனத்தின் கேம்களில் பதிவு செய்திருந்த சுமார் 17 கோடிப் பேரின் விவரங்கள் போயின. இப்படிக் கசிந்த பட்டியல்களை எடுத்து ஒரு நிரலிடம் கொடுத்தால், அது ராத்திரி முழுக்க ஒவ்வொரு கேம் தளத்திலும் முயன்றுகொண்டே இருக்கும். கிரெடென்ஷியல் ஸ்டஃபிங் என்கிறார்கள். ஆயிரத்தில் ஒன்று திறந்தால்கூட அவனுக்கு லாபம்தான்.

2020 ஏப்ரலில் நின்டென்டோவுக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். வீ யூ, 3டிஎஸ் என்ற பழைய கன்சோல்களின் காலத்து நின்டென்டோ நெட்வொர்க் ஐடி என்ற பழைய லாகின் ஒன்று இருந்தது. புதிய அக்கவுண்டோடு அதை இணைத்து வைத்திருந்தவர்கள் பலர், அவர்களில் இணைத்ததையே மறந்தவர்களும் பலர். வெளியே கிடைத்த பாஸ்வேர்டுகளை வைத்து அந்தப் பழைய வழியாக நுழைந்தார்கள். முதலில் 1,60,000 அக்கவுண்ட்கள் என்றது நின்டென்டோ, ஜூனில் எண்ணிக்கை 3,00,000 ஆகியது, அந்தப் பழைய வழியையே மூடிவிட்டார்கள். புதிய அக்கவுண்டின் பாஸ்வேர்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் அவன் அதைத் தொடவே இல்லை. நீங்கள் மறந்துபோன இணைப்பு அவன் கண்ணில் முதலில் படும்.

அடுத்தது பொய் லாகின் பக்கம். பழைய காலத்தில் எழுத்துப் பிழை உள்ள முகவரி, கோணல்மாணலான படம் என்று ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடலாம். இப்போது அப்படி இல்லை. 'எங்கள் டீமுக்கு ஒரு ஓட்டுப் போடு' என்று நண்பரிடமிருந்து லிங்க் வரும், போனால் ஒரு டோர்னமென்ட் தளம், பார்க்க அம்சமாக இருக்கும். ஓட்டுப் போட ஸ்டீம் மூலம் உள்ளே வா என்பார்கள், அழுத்தினால் தனியாக ஒரு சின்ன ஜன்னல் திறக்கும், அதன் மேலே ஸ்டீமின் சரியான முகவரி, பூட்டுப் படம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். கோளாறு என்னவென்றால் அது ஜன்னலே அல்ல. அந்தப் பக்கத்துக்குள்ளேயே வரைந்த ஒரு படம். முகவரிப் பட்டையும் படம்தான், பூட்டும் படம்தான். பிரவுசருக்குள் பிரவுசர் என்ற இந்த உத்தியைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் 2022 மார்ச்சில் விளக்கிக் காட்டினார், அதே வருஷம் செப்டம்பருக்குள் ஸ்டீம் ஐடி திருடுகிறவர்கள் அதைப் பயன்படுத்துவதை குரூப்-ஐபி நிறுவனம் வெளியே கொண்டுவந்தது. கம்ப்யூட்டரில் இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: அந்தச் சின்ன ஜன்னலின் தலைப்பைப் பிடித்து, பிரவுசரின் ஓரத்துக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். நிஜ ஜன்னல் வெளியே வரும், படம் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் அல்லது வெட்டுப்படும். அதைவிட எளிதானது: அதே பிரவுசரில் நீங்கள் ஏற்கெனவே ஸ்டீமில் லாகின் ஆகியிருந்தால், நிஜமான பக்கம் உங்கள் பெயரைக் காட்டி ஒரு பட்டனை மட்டும்தான் அழுத்தச் சொல்லும். மறுபடி பாஸ்வேர்டு கேட்டாலே சந்தேகப்படுங்கள்.

கியூஆர் கோடு விஷயத்திலும் இதே கதைதான். டிஸ்கார்டிலும் ஸ்டீமிலும் போனில் கோடை ஸ்கேன் செய்து உள்ளே போகும் வசதி உண்டு, நல்ல வசதி. ஆனால் 'இலவசப் பரிசு வாங்க ஸ்கேன் பண்ணு' என்று யாராவது காட்டுகிற கோடு பெரும்பாலும் அவனுடைய கம்ப்யூட்டர் திரையில் இருக்கிற லாகின் கோடாகத்தான் இருக்கும். உங்கள் போனில் 'ஆம்' என்று அழுத்தினால் லாகின் ஆவது அவன் கம்ப்யூட்டர்.

மைன்கிராஃப்ட் ஆடுகிறவர்களிடம் நடக்கிற ஏமாற்று இதைவிட அப்பட்டமானது. டிஸ்கார்டில் ஒரு குழுவில் சேர்ந்ததும் 'நீங்கள் நிஜ ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும், கேம் பெயரும் மெயில் ஐடியும் கொடுங்கள்' என்று ஒரு பாட் (தானாகப் பதில் எழுதும் நிரல்) கேட்கும். கொடுத்த சில நொடிகளில் மெயிலுக்கு ஒரு எண் வரும், அதையும் போடச் சொல்லும். வந்தது மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்த நிஜமான எண். ஏனென்றால் மறுமுனையில் இருப்பவன் அந்த நொடியில் மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் உங்கள் மெயிலைப் போட்டு, பாஸ்வேர்டுக்குப் பதில் ஒருமுறை எண் அனுப்பு என்று கேட்டிருக்கிறான். பாஸ்வேர்டே தெரியாமல் உள்ளே போய்விடுவான், உங்களுக்கோ குழுவில் சேர்ந்த திருப்தி மட்டும் இருக்கும். மெயிலுக்கோ போனுக்கோ வருகிற எண், நீங்களாகத் திறந்த பக்கத்தில் நீங்களாகப் போடுவதற்கு மட்டும்தான். வேறு எங்கே கேட்டாலும், யார் கேட்டாலும், சப்போர்ட் என்று சொல்லிக்கொண்டு கேட்டாலும், அவன் திருடன்.

இதுவரை சொன்னதெல்லாம் வாயால் பேசி வாங்குவது. இன்னொரு வகை, இப்போது அதிகம் பரவியிருப்பது, வாயே திறக்காது. இலவச சீட், கிராக் செய்த கேம், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கேமின் வேகம்) ஏற்றும் மென்பொருள் என்று வீடியோக்களின் கீழே ஒரு லிங்க் இருக்கும், டவுன்லோட் செய்தால் பாஸ்வேர்டு போட்ட ஒரு ஜிப் கோப்பு. பாஸ்வேர்டையும் வீடியோவின் விளக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். எதற்கு இந்த வேலை என்று யோசித்தால் விஷயம் பிடிபடும்: பூட்டிய ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது. பக்கத்திலேயே 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிவிட்டு ஓட்டவும், பொய் எச்சரிக்கை வரும்' என்றும் எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் ஜன்னலை மூடிவிடலாம். உள்ளே இருப்பது, கம்ப்யூட்டரில் இருக்கிற விவரங்களைத் திருடும் இன்ஃபோஸ்டீலர் என்கிற வகை மென்பொருள். ரெட்லைன், லும்மா என்று பல பெயர்களில் இதை மாத வாடகைக்கே விற்கிறார்கள். 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீஸ் பல நாட்டுப் போலீசோடு சேர்ந்து ரெட்லைனின் சர்வர்களைப் பிடித்தது, 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் மற்றவர்களும் லும்மாவின் தளங்களை முடக்கினார்கள். இந்தத் தொழில் அதோடு நின்றுவிடவில்லை. அதிகாரபூர்வக் கடையில் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடவும் முடியாது. 2025 பிப்ரவரியில் பைரேட்ஃபை என்ற இலவச கேம் ஸ்டீமிலேயே வந்து, உள்ளே இதே மாதிரியான திருட்டு மென்பொருளோடு இருந்தது தெரிந்து, வால்வ் அதைத் தூக்கியது.

இந்த மென்பொருள் உங்கள் பாஸ்வேர்டு பட்டியலையும் எடுக்கும், ஆனால் அதன் குறி குக்கி. ஒருமுறை லாகின் ஆனதும், 'இவர் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவர்' என்று தளம் ஒரு நீளமான எழுத்துக்கோவையை உங்கள் பிரவுசரில் வைக்கிறது. அதனால்தான் தினமும் பாஸ்வேர்டு கேட்பதில்லை. அந்தக் கோவையை எடுத்துத் தன் பிரவுசரில் வைத்தால், தளத்தின் கண்ணுக்கு அவன்தான் நீங்கள். பாஸ்வேர்டு தேவையில்லை, ஓடிபி தேவையில்லை, பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனை வைக்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தாலும் அந்தச் சோதனை ஏற்கெனவே முடிந்துபோன ஒன்று. சின்னப் பிள்ளைகள் ஆடும் ரோப்லாக்ஸ் என்ற கேம் தளம் தன் லாகின் குக்கியின் தொடக்கத்திலேயே, இதை யாருக்கும் கொடுக்காதே, கொடுத்தால் உன் பெயரில் உள்ளே வந்து ரோபக்ஸ் என்ற கேம் காசையும் பொருட்களையும் திருடிவிடுவார்கள் என்ற எச்சரிக்கையை எழுதி வைத்திருக்கிறது. இருந்தும், 'எஃப்12 அழுத்து, அந்த வரியைக் காப்பி செய்து இங்கே ஒட்டு, ரோபக்ஸ் கிடைக்கும்' என்று சொல்லி சின்னப் பிள்ளைகளிடம் வாங்கிவிடுகிறார்கள்.

நீங்கள் எந்தத் தப்பும் செய்யாமலே போவதும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஜனவரியில் ஃபிஃபா 22 கால்பந்து கேமின் அல்டிமேட் டீம் பகுதியில் முன்னணியில் இருந்த சிலரின் அக்கவுண்ட்கள் போயின. எண்ணிக்கை 50-க்கும் குறைவு என்று அந்தக் கேமைத் தயாரித்த இஏ நிறுவனம் சொன்னது. எப்படி என்றும் சொன்னது: வாடிக்கையாளர் சேவை ஊழியர்களிடம் சாட்டில் மிரட்டியும் பேச்சில் மயக்கியும் இரண்டடுக்குப் பாதுகாப்பைத் தாண்ட வைத்திருக்கிறார்கள். பறிகொடுத்தவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருந்தாலும் இங்கே உதவியிருக்காது. ஹேக் ஆனவனைப் பார்த்து 'நீ என்ன அழுத்தினாய்' என்று முதல் கேள்வியாகக் கேட்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மீட்பு. வரிசைதான் இதில் எல்லாமே. ஏதாவது சந்தேகமான கோப்பை ஓட்டிய ஞாபகம் இருந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் மாற்றாதீர்கள். நெட்டைத் துண்டித்துவிட்டு வேறொரு சாதனத்தை, உதாரணத்துக்கு போனை, கையில் எடுங்கள். தொற்று இருக்கிற கம்ப்யூட்டரில் புதுப் பாஸ்வேர்டு போட்டால் அது நேராக அவனுக்குத்தான் போகும். அந்தக் கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்தால் போதுமா, விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட வேண்டுமா என்று கேட்டால், என் கருத்து அழித்துப் போடுவதே. நாலு மணி நேர வேலை, ஆனால் அப்புறம் சந்தேகம் இருக்காது.

அடுத்தது கேம் அல்ல, மெயில். மெயில் அவன் கையில் இருக்கிற வரை கேம் ஐடியை எத்தனை முறை மீட்டாலும் ஒரு ரீசெட் லிங்கில் திரும்ப எடுத்துக்கொள்வான். மெயிலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள், மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பலர் பார்க்காமல் விடுவது ஃபில்டரும் ஃபார்வர்டிங்கும். கேம் கம்பெனியிடமிருந்து வரும் மெயில்கள் நேராகக் குப்பைக்குப் போகும்படியோ, வேறு முகவரிக்கு நகல் போகும்படியோ ஒரு விதியை எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பான். 'எனக்கு எந்த எச்சரிக்கை மெயிலும் வரவே இல்லை' என்று சொல்கிறவர்கள் குப்பைப் பெட்டியையும் விதிகளையும் திறந்து பார்த்தால் பாதிப் பேருக்குப் பதில் அங்கேயே கிடைக்கும்.

மெயிலே போய்விட்டதென்றால் நேரம் முக்கியம். கூகுள் கணக்கில் மீட்பு எண்ணையோ மெயிலையோ அவன் மாற்றியிருந்தாலும், 7 நாள் வரை பழைய எண்ணை வைத்து மீட்க வாய்ப்பு உண்டு. மைக்ரோசாஃப்டில் பாதுகாப்பு விவரங்கள் மொத்தத்தையும் யாராவது மாற்றக் கோரினால் 30 நாள் காத்திருப்பு வைக்கிறார்கள், அதற்குள் உங்கள் பழைய விவரங்களைக் கொண்டு அந்தக் கோரிக்கையை ரத்து செய்யலாம். அந்த நாட்களைப் புலம்பிக் கழித்துவிட்டால் கதவு மூடிவிடும்.

மெயில் கைக்கு வந்த பிறகுதான் கேம். அங்கேயும் முதலில் தேட வேண்டியது 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்று' என்ற பட்டன். ஸ்டீமில் இது ஸ்டீம் கார்ட் என்ற பாதுகாப்பு வசதியின் பக்கத்தில் இருக்கிறது. திருடிய குக்கி செத்துப்போவது இதனால்தான். பல தளங்களில் பாஸ்வேர்டை மாற்றினாலே மற்றவை வெளியேறிவிடும், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி என்று நம்பி உட்காராதீர்கள். அதன் பிறகு பாஸ்வேர்டு, பிறகு இரண்டடுக்குப் பாதுகாப்பை நீக்கிப் புதிதாகப் போட்டு, போன் கையில் இல்லாதபோது உள்ளே போக உதவும் பழைய பேக்கப் எண்களைக் காலாவதியாக்குவது, பிறகு இணைத்த கணக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. உங்களுக்குத் தெரியாத எக்ஸ்பாக்ஸோ பிளேஸ்டேஷனோ இணைந்திருந்தால் அதுதான் அவன் திரும்பி வருவதற்கு வைத்த வழி.

ஸ்டீமில் இன்னொன்று, தனியாகச் சொல்ல வேண்டியது: வெப் ஏபிஐ கீ. ஒரு நிரல் உங்கள் பெயரில் ஸ்டீமோடு பேச உதவும் ரகசிய எழுத்துக்கோவை அது, தளங்களை உருவாக்குகிறவர்களுக்கான வசதி, சாதாரணமாக விளையாடுகிறவருக்குத் தேவையே இல்லை. ஐடிக்குள் ஒருமுறை வந்தவன் உங்கள் பெயரில் ஒரு கீ எடுத்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவான், எதையும் தொட மாட்டான். வாரங்கள் கழித்து நீங்கள் நிஜமான ஒருவருக்கு ஒரு ஸ்கின் அனுப்பக் கிளம்பும்போது, அவனுடைய நிரல் அந்த டிரேடை ரத்து செய்துவிட்டு, அந்த நபரின் அதே பெயர், அதே படம் வைத்த ஒரு பொய் ஐடியிலிருந்து அதே டிரேடைத் திரும்ப அனுப்பும். போனில் உறுதிப்படுத்து என்று வரும், நீங்களே உங்கள் கையால் உறுதிப்படுத்துவீர்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பு வேலை செய்தது, ஆனால் அவனுக்காக. உறுதிப்படுத்தும் திரையில் மறுபக்க ஆளின் ஸ்டீம் லெவலையும் அவர் சேர்ந்த தேதியையும் பார்த்தால் இது பிடிபடும், பெயரையும் படத்தையும் யாரும் காப்பியடிக்கலாம், சேர்ந்த தேதியைக் காப்பியடிக்க முடியாது. ஏபிஐ கீ பக்கத்தில் நீங்கள் எடுக்காத கீ ஏதாவது இருந்தால் உடனே நீக்குங்கள்.

உள்ளேயே போக முடியவில்லை என்றால் சப்போர்ட்தான் வழி, அங்கே கேட்கப்படுவது ஆதாரம். 'இது என் ஐடி, ஐந்து வருஷமாக ஆடுகிறேன்' என்று உருகி எழுதிப் பயனில்லை, அவனும் அதையேதான் எழுதுவான். முதலில் பதிவு செய்த மெயில், முதல் வாங்குதலின் ரசீது எண், பணம் கட்டிய கார்டின் கடைசி இலக்கங்கள், பெட்டியில் வாங்கிய கேமின் சிடி கீ, கன்சோலின் சீரியல் நம்பர், ஐடி தொடங்கிய தேதி — இவற்றில் எது இருந்தாலும் முதல் கடிதத்திலேயே கொடுங்கள். ஒரே பிரச்சினைக்கு ஐந்து டிக்கெட் (புகார்) போடாதீர்கள், ஒன்று போட்டு அதிலேயே பதில் எழுதுங்கள். இன்னொரு பக்கம், ரசீது எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கேயும் போடாதீர்கள், அதுவே ஆதாரம் என்பதால் எடுத்தவன் உங்களை முந்திக்கொண்டு சப்போர்ட்டுக்கு எழுதலாம்.

பணம் போயிருந்தால் வங்கியிடம் சொல்வது சரிதான், கார்டை நிறுத்துவதும் சரிதான். ஆனால் பணத்தைத் திரும்பப் பிடித்துத் தரச் சொல்லி வங்கி மூலம் சார்ஜ்பேக் போடுவதற்கு முன் கேம் கம்பெனியிடம் ஒருமுறை கேளுங்கள். பல கம்பெனிகள் சார்ஜ்பேக் வந்ததும் ஐடியையே பூட்டிவிடும், மீட்டெடுத்த ஐடி அதோடு முடங்கும். பொருட்கள் திரும்பி வருமா என்றால், பெரும்பாலும் வராது. ஸ்டீமில் ஒரு காலத்தில் போன பொருளுக்கு இன்னொரு நகல் செய்து கொடுத்தார்கள், ஒவ்வொரு நகலும் அந்தப் பொருளை வைத்திருக்கிற மற்றவர்களின் மதிப்பைக் குறைக்கிறது என்பதால் பிறகு நிறுத்திவிட்டார்கள். 2025-ல் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 பொருட்களுக்கு மட்டும் 7 நாளுக்குள் டிரேடைத் திருப்பும் வசதி வந்தது, ஒரு டிரேடை மட்டும் பொறுக்கித் திருப்ப முடியாது, அந்த 7 நாளின் டிரேடுகள் மொத்தமும் திரும்பும்.

இந்தக் குழப்பத்தில் இருக்கும்போது, 'எனக்கும் இதே மாதிரி ஆச்சு, இவர் மீட்டுக் கொடுத்தார்' என்று யாரோ ஒரு ரெக்கவரி நிபுணரின் பெயரை எழுதுவார்கள். எழுதியவனும் நிபுணரும் ஒரே ஆள். முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போவான்.

இனி, இன்னும் போகாதவர்கள் செய்ய வேண்டியது. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானாக நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் வேண்டும், ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு வேண்டும், இது பழைய பாட்டுதான். ஆனால் மேனேஜரின் பெரிய நன்மையைப் பலர் சொல்வதில்லை: பொய்த் தளத்தில் அது தானாக நிரப்பாது. உங்கள் கண் ஏமாறும், முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற மென்பொருள் ஏமாறாது. மேலே சொன்ன, படமாக வரைந்த ஜன்னலின் முன் அது மௌனமாக நிற்கும், அந்த மௌனத்தைப் பார்த்து நீங்களும் நிற்க வேண்டும், கையால் தட்டி உள்ளே போகக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்ற பழைய அறிவுரையை அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே கைவிட்டுவிட்டது. கசிந்தால் மாற்று, இல்லாவிட்டால் விடு என்பதுதான் இப்போதைய நிலைப்பாடு. கசிந்ததா என்று பார்க்க ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் இருக்கிறது. அங்கே பாஸ்வேர்டைச் சோதிக்கும்போது முழுப் பாஸ்வேர்டு போவதில்லை, அதை ஹாஷ் ஆக்கி (திரும்பப் படிக்க முடியாத எழுத்துக்கோவையாக மாற்றி) அதன் முதல் 5 எழுத்து மட்டும்தான் அனுப்பப்படுகிறது.

இரண்டடுக்குப் பாதுகாப்பில் எஸ்எம்எஸ் கடைசி இடம். எதுவும் இல்லாததற்கு அது மேல், ஆனால் உங்கள் நம்பரை இன்னொரு சிம்முக்கு மாற்றி வாங்கிவிட்டால் ஓடிபி அவனுக்குப் போகும். ஆத்தென்டிகேட்டர் செயலி அதைவிட மேல், 30 நொடிக்கு ஒருமுறை மாறுகிற 6 இலக்கம் உங்கள் போனிலேயே உருவாகிறது, வழியில் யாரும் பிடிக்க முடியாது. ஆனாலும் பொய்ப் பக்கத்தில் நீங்களே அதைத் தட்டிக் கொடுத்தால் தடுக்காது. பாஸ்வேர்டுக்குப் பதில் உங்கள் சாதனத்திலேயே இருக்கும் சாவியான பாஸ்கீ இந்த இடத்தில்தான் வித்தியாசப்படுகிறது. தட்டிக் கொடுக்க எண்ணே இல்லை, எந்தத் தளத்துக்குச் செய்ததோ அந்தத் தளத்தில் மட்டும்தான் வேலை செய்யும். நின்டென்டோ 2023-லும் பிளேஸ்டேஷன் 2024-லும் கொடுத்துவிட்டன, மைக்ரோசாஃப்டிலும் ரோப்லாக்ஸிலும் உண்டு. கிடைக்கிற இடத்தில் போட்டுவிடுங்கள். 2011-ல் ஸ்டீம் கார்ட் வந்தபோது வால்வின் தலைவர் கேப் நியூவெல் தன் சொந்த ஐடியின் பாஸ்வேர்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சொல்லி, முடிந்தால் நுழைந்து பாருங்கள் என்றார். நல்ல வேடிக்கை, ஆனால் குக்கி திருடுகிற மென்பொருள் இவ்வளவு பெருகிவிட்ட இன்றைக்கு அந்தச் சவாலுக்கு அத்தனை அர்த்தம் இல்லை.

பேக்கப் எண்களை போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைக்காமல் ஒரு தாளில் எழுதி வையுங்கள், போன் தொலைந்தால் ஸ்கிரீன்ஷாட்டும் தொலையும். மெயிலுக்குக் கேமை விடக் கெட்டியான பாதுகாப்பு வேண்டும். கேமுக்கென்றே, வேறு எங்கும் கொடுக்காத ஒரு மெயில் ஐடி வைத்துக்கொண்டால் கசிந்த பட்டியல்களில் சிக்க வாய்ப்பு குறையும். முதல் ரசீது வந்த மெயிலை அழிக்காதீர்கள்.

விலைக்கு ஐடி வாங்குகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பாஸ்வேர்டு, மெயில், ஆத்தென்டிகேட்டர் எல்லாவற்றையும் நீங்கள் மாற்றியிருப்பீர்கள். விற்றவன் இரண்டு மாதம் கழித்து சப்போர்ட்டுக்கு எழுதுவான், முதல் ரசீதையும் தொடங்கிய தேதியையும் கொடுத்து, என் ஐடி ஹேக் ஆகிவிட்டது என்பான். ஐடி விற்பதும் வாங்குவதும் பெரிய தளங்களில் பெரும்பாலும் விதிமீறல், அதனால் நான் காசு கொடுத்து வாங்கினேன் என்று நீங்கள் சொல்லவும் முடியாது. சப்போர்ட் ஊழியர் தன் முன்னால் இருக்கிற ஆதாரத்தைப் பார்த்து, ஐடியை அவனிடம் திருப்பிக் கொடுப்பார்.